பின்கட்டில் ஆள் இல்லாத பிரவுசர்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி மூன்று நிபந்தனை போட்டார். "அரை மணி நேரத்துக்கு மேல் பேசக் கூடாது. பசங்களுக்கு உபயோகமா இருக்கணும். எங்களுக்குத் தூக்கம் வரக் கூடாது." முதல் நிபந்தனையை நிச்சயம் காப்பாற்றுவேன். இரண்டாவதற்கு முயற்சி செய்கிறேன். மூன்றாவது, நேற்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் விடிய விடிய அரட்டை அடித்த என் தோழர்களின் கையில் இருக்கிறது.

நான் 1995ஆம் ஆண்டு வெளியே போன செட். கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி போன காலம். நாங்கள் டிகிரி வாங்கிய அதே வருஷம்தான் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கினார். முதல் வடிவத்தைப் பத்தே நாளில் முடித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த மொழியை வைத்துத்தான் பிற்பாடு நான் பல வருஷம் சோறு சாப்பிட்டேன்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் குறுகியது. பிரவுசரில் பின்னணியில் வேலை பார்க்கும் த்ரெட் வசதி இல்லாதபோது, நாம் எழுதும் புரோகிராம் என்ன செய்ய வேண்டும்? "இதுக்கு ஒரு பேச்சா?" என்று கேட்பீர்கள். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரு தப்புக்கு, எனக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவருக்கு மெமோ போனது. அதனால்தான் பேசுகிறேன்.

மெஸ் கவுண்டரில் ஒரே ஒருத்தர்

மற்ற துறை நண்பர்களுக்காக முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் ஒரே ஒருத்தர் நிற்கிறார். டோக்கன் வாங்குவதும் அவர்தான், தோசை ஊற்றுவதும் அவர்தான், சட்னி போடுவதும் அவர்தான். ஒவ்வொரு வேலையும் சின்னதாக இருக்கும்வரை வரிசை நகரும். நடுவில் அவர் ஒரு அண்டா மாவு ஆட்ட உட்கார்ந்துவிட்டால்? வரிசை அப்படியே நின்றுவிடும். "அண்ணே, டோக்கன்!" என்று கத்தினாலும் அவர் காதில் விழாது.

பிரவுசரில் ஒரு பக்கம் இப்படித்தான் ஓடுகிறது. நாம் பொத்தானை அழுத்துவதைக் கவனிப்பது, எழுத்தைத் திரையில் காட்டுவது, ஜாவாஸ்கிரிப்ட் கணக்கைப் போடுவது எல்லாம் ஒரே த்ரெட். கணக்கு நீண்டால் பக்கம் உறைந்துபோகும். ஜேகப் நீல்சன் 1993ல் வெளியிட்ட தன் புத்தகத்தில், 0.1 விநாடிக்குள் பதில் வந்தால்தான் கம்ப்யூட்டர் உடனே செய்தது போல மனிதனுக்குத் தோன்றும் என்று எழுதினார். அந்த அளவுகோல் இன்றும் மாறவில்லை. மெயின் த்ரெட்டில் 50 மில்லி விநாடிக்கு மேல் ஓடும் எந்த வேலையையும் நீண்ட வேலை என்றுதான் இன்று பிரவுசர்க்காரர்கள் கணக்கில் வைக்கிறார்கள்.

இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் வெப் வொர்க்கர். பின்கட்டில் இன்னொரு ஆளை வேலைக்கு வைப்பது. அந்த ஆளுக்குச் சில கட்டுப்பாடு உண்டு. கவுண்டர் பக்கம் வரக் கூடாது, அதாவது திரையில் இருக்கும் எதையும் தொட முடியாது. நடுவில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகச் சீட்டு எழுதித்தான் பேச்சுவார்த்தை. அந்தச் சீட்டும் ஜெராக்ஸ் காப்பிதான், ஒரிஜினல் நம்மிடமே இருக்கும்.

கூகுள் கியர்ஸ் என்ற இணைப்பு மென்பொருள் 2007லேயே இதைப் போன்ற ஒரு வசதியைக் கொடுத்தது. 2009ல் ஃபயர்ஃபாக்ஸ் 3.5, சஃபாரி 4 இரண்டிலும் வொர்க்கர் வந்தது. 2010ல் குரோம் 4. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2012ல் 10ஆம் பதிப்பில்தான் வந்தது. இந்தக் கடைசி வருஷத்தை நினைவில் வையுங்கள்.

2012ல் நடந்தது

அப்போது நான் ஒரு சின்ன நிறுவனத்தில் குழுத் தலைவன். உதவித்தொகைத் தேர்வு நடத்தும் ஒரு அமைப்புக்கு மதிப்பெண் பதியும் மென்பொருள் செய்து கொடுத்தோம். எழுதியவர்கள் சுமார் 2,000 பிள்ளைகள். மதிப்பெண்ணைப் பதிந்ததும் எல்லோருக்கும் ரேங்க் போட வேண்டும். அந்தக் கணக்கைப் பிரவுசரிலேயே செய்தோம், வொர்க்கரை வைத்து. எங்கள் ஆபீஸ் மெஷின்களில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும். அழகாக ஓடியது. கை தட்டிக்கொண்டோம்.

அந்த அமைப்பின் ஆபீஸில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை 8ஆம் பதிப்புக்கு மேல் ஏற்ற முடியாது. அதில் வொர்க்கர் கிடையாது. இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. புரோகிராமில் இரண்டே வரி எழுதி வைத்திருந்தோம்: வொர்க்கர் இருந்தால் அதனிடம் கொடு, இல்லையென்றால் இந்த ஃபங்ஷனை நேராகக் கூப்பிடு. நேராகக் கூப்பிடும் பாதையை ஒரு தம்பி சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் எழுதினார். பத்துப் பேர் மதிப்பெண்ணை வைத்துச் சோதித்தோம். சரியாக வந்தது. சோதித்தவன் நான்தான்.

விடைக்குறிப்பில் ஒரு திருத்தம் வந்தது. மதிப்பெண்ணை மாற்றி, ரேங்க் பட்டியலை மறுபடி போட வேண்டியிருந்தது. அந்த ஆபீஸில் பதிவு வேலை பார்த்த ஒரு அம்மையார் பொத்தானை அழுத்தினார். திரை உறைந்தது. சற்று நேரத்தில் ஒரு பெட்டி வந்தது. பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் கம்ப்யூட்டரை மெதுவாக்குகிறது, நிறுத்தட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான். அவர் ஆமாம் என்றார். கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று பயமுறுத்தினால் நீங்களும் நானும் அதைத்தான் அழுத்தியிருப்போம். பெட்டி மறைந்தது, பக்கம் மறுபடி உயிர் பெற்றது, எல்லோருக்கும் நேராக ரேங்க் இருந்தது. சேமித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தப் பட்டியலில் ஏறக்குறைய முதல் பாதிப் பேருக்குப் புது ரேங்க். மீதிப் பேருக்குப் பழைய ரேங்க். பட்டியல் அறிவிப்புப் பலகைக்குப் போனது.

நான்காம் நாள் ஒரு தகப்பனார் மகளுடைய ஹால் டிக்கெட்டையும் மதிப்பெண்ணையும் எடுத்துக்கொண்டு வந்தார். "எம் பொண்ணைவிடக் கம்மி மார்க் வாங்கின பையன் பேரு லிஸ்ட்டுல இருக்கு. எம் பொண்ணு பேரு இல்லையே சார்?" என்றார். சரிபார்த்தார்கள். அவர் சொன்னது உண்மை. உதவித்தொகை கிடைத்தால்தான் அந்தப் பெண்ணின் மேற்படிப்பு என்ற நிலைமை. உடனே அந்த அம்மையாருக்கு மெமோ. "கவனக்குறைவாகப் பதிவு செய்தமைக்கு விளக்கம் தருக."

எங்களுக்குப் போன் வந்தபோது என் முதல் பதிலும் அதேதான்: "யூசர் மிஸ்டேக்கா இருக்கும் சார்." இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

தப்பு எங்கே?

மறுநாள் நேரில் போய் அதே மெஷினில் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டி வந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது.

அந்தக் காலத்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் நேரத்தைப் பார்த்து அந்தப் பெட்டியைக் காட்டவில்லை. ஒரே ஓட்டத்தில் 50 லட்சம் கட்டளைகள் ஓடிவிட்டால் காட்டும். எங்கள் ரேங்க் கணக்கு என்ன செய்தது? ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணையும் மற்ற எல்லோருடைய மதிப்பெண்ணோடும் ஒப்பிட்டது. 2,000 பெருக்கல் 2,000, ஆக 40 லட்சம் ஒப்பீடு. ஒரு ஒப்பீட்டுக்கு இரண்டு மூன்று கட்டளை. பாதி வழியில் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் நூறே ஒப்பீடு. பெட்டி எங்கிருந்து வரும்?

முன்வரிசையில் இருக்கும் எங்கள் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஆசிரியர் என்னை மன்னிக்க வேண்டும். மதிப்பெண்ணை வரிசைப்படுத்திவிட்டு எண்ணினால் சுமார் 22,000 ஒப்பீட்டில் முடிந்திருக்கும். இதை இரண்டாம் வருஷமே சொல்லிக் கொடுத்தீர்கள் சார். வொர்க்கர் கிடைத்த சந்தோஷத்தில் மறந்துபோனேன். ஆகவே மாணவர்களுக்கு முதல் பாடம்: இன்னொரு ஆளைத் தேடுவதற்கு முன்னால், வேலை அவ்வளவு பெரிசுதானா என்று பாருங்கள். அந்த அளவுக் கணக்கை சர்வரிலேயே கூடப் போட்டிருக்கலாம்.

ஆனால் மெதுவான கணக்கு மட்டும் காரணம் இல்லை. மெதுவாக ஓடினால் எரிச்சல்தான் வரும், பட்டியல் தப்பாகாது. பட்டியலைத் தப்பாக்கியது, நாங்கள் மாற்றுப்பாதையை எழுதிய விதம். வொர்க்கர் பாதையில் கணக்கு முழுவதும் முடிந்து, விடை மொத்தமாக ஜன்னல் வழியே வரும், அதற்குப் பிறகுதான் திரையில் நிரப்புவோம். மாற்றுப்பாதையோ ஒவ்வொரு பிள்ளைக்கும் ரேங்க் கண்டுபிடித்த உடனே படிவத்தின் கட்டத்தில் எழுதிக்கொண்டே போனது. சேமிக்கும் பொத்தான் சாதாரணப் படிவப் பொத்தான், ஸ்கிரிப்ட் செத்தாலும் அது வேலை செய்யும். பாதியில் கொன்றால் பாதிப் பட்டியல் சேமிக்கத் தயாராக நிற்கும்.

இரண்டு பாதையும் ஒரே விடையைத் தருகிறதா என்று பார்த்தோம். நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை.

இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

இனி, இதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

வொர்க்கர் என்ற பெயர் பிரவுசரில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி, ஆனால் அது போதாது. பெயர்ப்பலகை இருந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. ஃபைலை டிஸ்கிலிருந்து நேரடியாகத் திறந்தால் குரோம் வொர்க்கரை உருவாக்க மறுக்கும். பென் டிரைவில் காப்பி பண்ணிக் கொடுத்த பக்கங்களில் இந்த அனுபவம் பலருக்கு உண்டு. வேறொரு தளத்தில் இருக்கும் ஸ்கிரிப்டை வைத்து வொர்க்கர் உருவாக்கப் போனாலும் தடை. தளத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுத்தாலும் தடை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10ல் வொர்க்கர் இருந்தது, ஆனால் நினைவகத்திலேயே தயாரித்த பிளாப் முகவரியிலிருந்து உருவாக்கினால் பாதுகாப்புப் பிழை காட்டியது.

ஆகவே கேட்டுப் பார்க்காதீர்கள், செய்து பாருங்கள். வொர்க்கரை உருவாக்கும் வரியை டிரை, கேட்ச்சுக்குள் வையுங்கள். உருவானதும் ஒரு சின்னச் சோதனைச் சீட்டு அனுப்புங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் சரியான பதில் வந்தால் ஆள் இருக்கிறார். பிழை வந்தாலோ பதிலே வராவிட்டாலோ மாற்றுப்பாதைக்குப் போங்கள்.

இதற்கு நல்ல உதாரணம் மொசில்லாவின் பிடிஎஃப்.ஜேஎஸ். பிடிஎஃப் ஆவணத்தைப் பிரவுசருக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டால் படித்துக் காட்டும் மென்பொருள். 2011ல் ஆண்ட்ரியாஸ் கால், கிறிஸ் ஜோன்ஸ் இருவரும் தொடங்கியது. 2013 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 19ல் எல்லோருக்கும் வந்தது. மூல நிரல் திறந்தே கிடக்கிறது, மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அதன் பழைய பதிப்புகள் வொர்க்கரை உருவாக்கியதும் 255 என்ற எண் போட்ட ஒரே ஒரு பைட்டை அனுப்பும். வொர்க்கர் பக்கம் அது பைட் வரிசையாகவே, 255ஆகவே வந்து சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்லும். சில ஓப்பரா பதிப்புகள் அந்த மாதிரித் தரவை அனுப்பும்போதே பிழை காட்டின என்று நிரலிலேயே குறிப்பு எழுதி வைத்தார்கள். வொர்க்கர் இருந்தும் சீட்டு போய்ச் சேராத பிரவுசர்கள் இருந்தன என்பதற்கு அதுவே சாட்சி.

ஒப்பந்தம் ஒன்றுதான்

சோதனை தோற்றால் பிடிஎஃப்.ஜேஎஸ் என்ன செய்யும்? 'ஃபேக் வொர்க்கர்' என்று ஒன்றை அமைத்துக்கொள்ளும். அதே வொர்க்கர் நிரலை மெயின் த்ரெட்டிலேயே ஏற்றி, நடுவில் ஒரு பொய் ஜன்னலை வைக்கும். கணக்குப் போடும் பகுதிக்கு, தான் பின்கட்டில் இருக்கிறோமா கவுண்டரில் இருக்கிறோமா என்றே தெரியாது. இரண்டு பக்கமும் அதே சீட்டு, அதே பதில். மாற்றுப்பாதைக்கென்று தனியாக ஒரு கணக்கு எழுதவே இல்லை.

எங்கள் இரண்டு வரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பொய் ஜன்னல் வைத்தால், நிஜ ஜன்னலின் எல்லாக் குணமும் அதற்கு இருக்க வேண்டும். நான் நான்கு சொல்வேன்.

ஒன்று, காப்பி. நிஜ வொர்க்கருக்குப் போவது நகல். மாற்றுப்பாதையிலும் நகல் எடுத்தே கொடுங்கள். இல்லாவிட்டால், கணக்கு ஓடும்போதே பயனர் ஒரு மதிப்பெண்ணைத் திருத்தினால், பாதிக் கணக்கு பழைய எண்ணிலும் பாதிக் கணக்கு புது எண்ணிலும் ஓடும். எண்ணும் எழுத்தும் மட்டும் உள்ள தரவுக்கு, ஜேசானாக எழுதித் திரும்பப் படித்தாலே நகல் கிடைத்துவிடும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8லேயே அந்த வசதி இருந்தது.

இரண்டு, தாமதம். நிஜ வொர்க்கரின் பதில் எப்போதும் பிறகுதான் வரும், கேட்ட அந்த வரியிலேயே வராது. மாற்றுப்பாதையும் பிறகே பதில் சொல்ல வேண்டும். உடனே சொன்னால், பதிலை வாங்கிக்கொள்ளும் ஆள் வந்து நிற்பதற்கு முன்பே பதில் வந்து கீழே விழுந்துவிடும்.

மூன்று, பிழை. கணக்கில் பிழை நேர்ந்தால் நிஜ வொர்க்கரில் அது பிழைச் செய்தியாக வருகிறது, பக்கம் பிழைத்துக்கொள்கிறது. மாற்றுப்பாதையிலும் பிழையைப் பிடித்து அதே வழியில் அனுப்புங்கள்.

நான்கு, நிறுத்தம். நிஜ வொர்க்கரை நினைத்த கணத்தில் நிறுத்திவிடலாம். மாற்றுப்பாதையில் அது முடியாது. கணக்கைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் "நிறுத்தச் சொன்னார்களா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

துண்டு துண்டாக

பொய் ஜன்னலால் ஒப்பந்தம் காப்பாற்றப்படும். ஆனால் பக்கம் உறைவது நிற்காது. இரண்டாவது ஆள் உண்மையில் வரவில்லையே! எந்த நூலகத்தைக் கொண்டுவந்து சேர்த்தாலும் இல்லாத த்ரெட்டை அது உண்டாக்கித் தராது. கவுண்டர்க்காரரேதான் மாவும் ஆட்ட வேண்டும். ஒரு கை மாவு ஆட்டிவிட்டு எழுந்து வரிசையைப் பார்த்து, மறுபடி ஒரு கை ஆட்ட வேண்டும். அவ்வளவுதான்.

செய்முறை எளிது. கணக்கை ஒரு அளவு ஓட்டிவிட்டு, மீதியை டைமரில் போட்டுவிட்டுப் பிரவுசரிடம் கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுங்கள். அளவு எவ்வளவு? "நூறு வரிசைக்கு ஒரு தடவை" என்று எண்ணிக்கையில் வைக்காதீர்கள். உங்கள் மெஷினில் நூறு வரிசைக்கு 5 மில்லி விநாடி ஆகும், பழைய மெஷினில் அரை விநாடி ஆகும். கடிகாரத்தைப் பார்த்து, 40 மில்லி விநாடி ஆனதும் நிறுத்துங்கள். வேகமான மெஷின் அதிகம் செய்யும், மெதுவான மெஷின் கொஞ்சம் செய்யும், இரண்டும் பயனருக்குப் பதில் சொல்லும்.

இதில் இரண்டு பள்ளம் இருக்கிறது. டைமரை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக்கொண்டே போனால், ஐந்து தடவைக்குப் பிறகு குறைந்தது 4 மில்லி விநாடி இடைவெளி என்பது விதி. ஆயிரம் துண்டு என்றால் 4 விநாடி சும்மா போகும். 40 விநாடிக் கணக்கில் இது பரவாயில்லை. துண்டை ரொம்பச் சின்னதாக்கினால்தான் காத்திருப்பதிலேயே நேரம் போகும். அப்படிப்பட்ட இடத்தில் டைமருக்குப் பதில் மெசேஜ் சேனல் வழியாகத் தனக்குத்தானே சீட்டு அனுப்பிக்கொள்ளும் வழி உண்டு. ரியாக்ட் நூலகத்தின் வேலைப் பங்கீடு இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறது.

இரண்டாவது பள்ளம் பெரிசு. பயனர் வேறு டேபுக்குப் போய்விட்டால், மறைந்த டேபின் டைமரைப் பிரவுசர்கள் விநாடிக்கு அதிகபட்சம் ஒரு தடவை என்று கட்டுப்படுத்துகின்றன. ஆயிரம் துண்டுக்குக் குறைந்தது ஆயிரம் விநாடி, கிட்டத்தட்ட 17 நிமிஷம். கணக்கு தொங்கிப்போனது என்று நினைத்து ஜன்னலை மூடிவிடுவார்கள். ஆகவே எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டுங்கள், "இந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கவும்" என்று தமிழில் எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: விடையைத் தனியே ஓரிடத்தில் சேர்த்து வைத்து, முழுதும் முடிந்த பிறகே திரையில் போடுங்கள். கணக்கு தொடங்கும்போது சேமிக்கும் பொத்தானைப் பூட்டிவிடுங்கள், முடிந்ததும் திறங்கள். நடுவில் ஸ்கிரிப்ட் செத்தால் பூட்டு பூட்டாகவே நிற்கும். அதற்கு மேல் சர்வரும் வந்த பட்டியலைச் சரிபார்க்கட்டும். அதிக மதிப்பெண்ணுக்குக் கீழான ரேங்க் இருந்தால் வாங்காதே. எங்களுக்கு அந்த ஒரு சோதனை இருந்திருந்தால், அந்தத் தகப்பனார் பஸ் ஏறி வந்திருக்க வேண்டியதில்லை.

இப்போதுதான் எல்லாத்திலும் இருக்கே?

மாணவர்கள் பக்கம் ஒரு சிரிப்பு தெரிகிறது. "அங்கிள், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் மூடியாச்சு. இப்போ எல்லா பிரவுசரிலும் வொர்க்கர் இருக்கு." நியாயம்தான். ஆனால் வந்த வசதி போகாது என்று யார் சொன்னது?

ஆண்ட்ராய்டு போனின் பழைய பிரவுசரில் 2.1ல் வொர்க்கர் இருந்தது, 2.2 முதல் 4.3 வரை இல்லை, 4.4ல் திரும்பி வந்தது. பல டேப் சேர்ந்து பயன்படுத்தும் ஷேர்டு வொர்க்கரை சஃபாரி ஒரு காலத்தில் வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டு, 2022ல் 16ஆம் பதிப்பில் மறுபடி கொடுத்தது. இரண்டு த்ரெட்டும் ஒரே நினைவகத்தைப் பார்க்கும் ஷேர்டு அரே பஃபர் 2017ல் மொழியின் தரத்திலேயே சேர்ந்தது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசசர் பலவீனம் வெளியானதும், அந்த மாதமே பிரவுசர்கள் அதை அணைத்தன. இப்போது கிடைக்கிறது, ஆனால் பக்கத்தைத் தனிமைப்படுத்தும் தலைப்புகளை சர்வர் அனுப்பினால்தான். புதுப் பாணி மாட்யூலாக எழுதிய வொர்க்கர் குரோமில் 2020ல் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2023ல்தான். மூன்று வருஷ இடைவெளி!

பெயர்கள் மாறும். "என் மெஷினில் இருக்கு, அங்கே இல்லை" என்ற நிலைமை மாறாது. அந்த 'அங்கே' என்பது பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டர், விலை குறைந்த போன், மாற்றிக்கொள்ள அதிகாரமோ காசோ இல்லாத ஒரு ஆள். மாற்றுப்பாதையில் நடக்கப்போவது அவர்கள்தான். அந்தப் பாதையைத்தான் நாம் சாயங்காலம் ஒரு மணி நேரத்தில், பத்து வரிசையை வைத்துச் சோதித்து முடிக்கிறோம்.

அதனால் ஒரு பழக்கம் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள், உங்கள் மெஷினில் வொர்க்கரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, முழு அளவுத் தரவோடு வேலை செய்யுங்கள். நடுவில் பக்கத்தை மூடிப் பாருங்கள். நம் லேபிலேயே இருக்கும் ஆகப் பழைய மெஷினைக் கேட்டு வாங்கி அதில் ஓட்டிப் பாருங்கள். எரிச்சல் வந்தால், தினமும் அந்த எரிச்சலோடு வேலை பார்க்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கதையை முடித்துவிடுகிறேன். பட்டியல் திருத்தி மறுபடி ஒட்டப்பட்டது. காசோலை எழுதுவதற்கு முன்பே பிடிபட்டதால் அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைத்தது. தவறு எங்கள் மென்பொருளில்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

புதுப் பதிப்பை அந்த அம்மையாரின் மெஷினிலேயே, 2,000 பேர் தரவோடு ஓட்டிக் காட்டினேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை. அவர் ஒன்றும் பாராட்டவில்லை. "சார், அன்னைக்கு அந்தப் பெட்டி வந்தப்போ உங்க நம்பருக்குப் போன் போட்டேன். லஞ்ச்சுன்னு சொன்னாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று மத்தியானம் நான் எங்கே சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்பது எனக்கு ஞாபகமில்லை. அவர் சொன்ன அந்த வார்த்தை மட்டும் இருக்கிறது. நீங்கள் எழுதும் புரோகிராமுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள் என்பதை நினைத்து எழுதுங்கள்.

அரை மணி ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது நிபந்தனையில் இரண்டு பேர் மட்டும் தோற்றிருக்கிறார்கள், இருவரும் என் அறைத் தோழர்கள், அன்றைக்கும் அப்படித்தான்.